நான் கண்டெடுத்த குறுநில மன்னர்

ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்கு மட்டும் தெரியும் என்று நம்புகிற இருபத்துநாலு வயது ஆம்பிளையைப் போல ஆபத்தான பிராணி கிடையாது. நான் அப்படியொரு பிராணி. பகலில் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளந்தேன். மிச்ச நேரமெல்லாம் எங்கள் ஊர்த் தொல்பொருட் கழகத்தின் செயலாளர்.

தொண்ணூறுகளின் தொடக்கம், சண்டைக் காலம். மின்சாரம் இல்லை, சீனி இல்லை, கீரிமலைக் கடற்கரைப் பக்கம் ஆமி இருந்ததால் அங்கே போகப் பாதையும் இல்லை. ஆனாலும் மாதமொரு பொதுச் சொற்பொழிவு தவறாது. மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு வாசிகசாலையில் வைப்போம். சனம் வரலாற்றுக்காகத்தான் வருகிறது என்று நம்பினோம். (பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் குடுத்தனாங்கள். அதுதான் விஷயம்.)

குண்டு போடுகிற பொம்மருக்குப் பயந்து வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டிய காலம் அது. நான் சைக்கிளில் போய் ஒவ்வொரு குழியையும் எட்டிப் பார்ப்பேன். "உவன் வந்திட்டான், ஓட்டுத்துண்டு பொறுக்கி" என்பார்கள். எனக்கு அது பட்டம் தந்தது மாதிரி இருக்கும்.

ஒருநாள், குடியிருந்தவர்கள் இடம்பெயர்ந்து போன வீட்டு வளவொன்றில் பங்கர் வெட்டியவர்கள் எனக்கு ஆளனுப்பினார்கள். பூவரச மரத்தடியில், முழங்கை ஆழத்தில், வாயை மூடிக் களிமண் பூசிய ஒரு மண்முட்டி. உள்ளே எரிந்த எலும்புகள்.

வெட்டியவர் கையை உதறிக்கொண்டு சொன்னார்: "தம்பி, உது ஆரின்ரையோ சாம்பல் போலை கிடக்கு. மூடி விடுவம்."

"அண்ணை, உது உங்களுக்கு விளங்காது" என்றேன். ஐயோ, அந்த வாயைத் தைத்திருக்க வேண்டும்!

பழைய காலத்துப் பானை கறுப்பும் சிவப்புமாக இருக்கும் என்று படித்திருந்தேன். இதில் அடி கறுப்பு, மேல் சிவப்பு. வேறென்ன வேண்டும்? எலும்புகளுக்கிடையில் கருகிய இரும்புத் துண்டொன்றும் கிடந்தது. ஈட்டி முனை! ஆகவே, போரில் விழுந்த குறுநில மன்னன். எலும்புகளைக் கழுவி, காயவைத்து, முறைப்படி ஒவ்வொன்றிலும் கறுப்பு மையால் இலக்கம் எழுதினேன். (அம்மா கண்டிருந்தால் விளக்குமாறாலை கலைச்சிருப்பா. வீட்டுக்குப் பின்னாலை சாய்ப்புக்குள்ளை ஒளிச்சுச் செய்தனான்.)

என் கன்னிச் சொற்பொழிவு அன்று வாசிகசாலை நிரம்பி வழிந்தது. மேசையில் பேப்பர் விரித்து எலும்புகளைப் பரப்பி, முட்டியைப் பக்கத்தில் வைத்தேன். எந்த வளவில், எந்த மரத்தடியில் எடுத்தேன் என்று சொல்லிவிட்டு மன்னனின் வீரத்துக்கு வந்தேன். கடைசி வாங்கிலிருந்து ஒரு அம்மா எழும்பி வந்தார். அறுபது வயதிருக்கும். கேள்வி கேட்கப் போகிறார் என்று பூரித்துப்போனேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. முட்டியின் விளிம்பில் உடைந்திருந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"அவரை ஏன் தம்பி பேப்பரிலை பரப்பி வைச்சிருக்கிறாய்?"

"ஆரை அம்மா?"

"என்ரை மனிசனை."

சபையில் ஆரோ சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"உது ஈட்டியில்லை, தம்பி. கிணத்துத் துலாவாலை விழுந்து கால் முறிஞ்சநேரம் பெரியாஸ்பத்திரியிலை வைச்ச கம்பி. அவர் மன்னனுமில்லை. புகையிலைக்குத் தண்ணி இறைச்ச மனிசன்."

அந்த அம்மாவின் பெயர் பூரணம். பிள்ளைகள் இல்லை. புருசன் அதற்கு முந்தின வருடம் மருந்தில்லாமல் காய்ச்சலில் செத்தவர். கீரிமலையில்தான் தன் சாம்பலைக் கரைக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கிவிட்டுப் போயிருக்கிறார். வல்வெட்டித்துறையிலும் கடல்தானே என்று சொந்தக்காரர் சொன்னார்கள். பூரணம் அம்மா மசியவில்லை. சோறு காய்ச்சிய முட்டியிலேயே போட்டு, பாதை திறக்கும்வரை இருக்கட்டும் என்று புதைத்துவிட்டுப் பக்கத்து ஊருக்கு இடம்பெயர்ந்திருக்கிறார்.

எலும்புகளை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். "தொடாதை!" என்று கத்தினார். ஒவ்வொன்றாகச் சேலைத் தலைப்பில் எடுத்தவர் திடீரென்று நின்றார்.

"உதென்ன எழுதியிருக்கிறாய்?"

"இலக்கம், அம்மா."

"என்னத்துக்கு?"

"மாறிப்போகாமல்..."

"இவ்வளவு நாளும் மாறாமல்தானே கிடந்தவர்."

அத்தனை பேருக்கு முன்னால் அவர் காலில் விழுந்து அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அவர் என்னைத் தூக்கவுமில்லை, திட்டவுமில்லை. "கிளப்பினது நீ. பாதை திறந்தால் நீயும் வாறாய்" என்றார்.

"ஓம் அம்மா" என்றேன்.

பாதை திறக்கவில்லை. தொண்ணூற்றைந்தில் ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமச் சனம் முழுதும் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தபோது, அவரைத் தேடிப் பிடித்துச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு போனேன். மடியில் முட்டி. வழி நெடுக, "மெல்லத் தள்ளு, அவர் குலுங்கிறார்" என்று என்னை ஏசிக்கொண்டே வந்தார். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில் மூன்றாம் மாதம் அவரும் போய்விட்டார். கொள்ளி வைத்தது நான். என்னிடம் இரண்டு முட்டிகள் சேர்ந்தன.

சண்டை முடிந்து கீரிமலைக்குப் போக விட்டபோது எனக்குத் தலை நரைத்துவிட்டது. மனிசியையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரையில் கிரியை செய்த ஐயர், "செத்தவை உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டார். நான் மனிசியைத் திரும்பிப் பார்த்தேன்.

பின்னாலிருந்து மகள் சொன்னாள்: "ஐயா, அப்பா தோண்டி எடுத்த சொந்தம்."

ஐயர் சிரிக்கவில்லை. மனிசி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் இடுப்பளவு தண்ணீரில் அழுதுகொண்டே சிரித்தேன். இன்றைக்கும் கலியாண வீட்டில் ஆராவது என்னைக் கட்டிப்பிடித்தால், உவர் எங்களுக்கு என்ன முறை என்று மகள் கேட்பதில்லை. "அப்பா, எந்த வளவிலை எடுத்தனீங்கள்?" என்றுதான் கேட்பாள்.