நைல் அண்ணாச்சி நிறுத்திய மிஷின்

நைல் நதிக்காக நைல் அண்ணாச்சி அளவுக்குக் கவலைப்பட்டவர் சிவகாசியில் யாருமில்லை. எகிப்திலேயே இருப்பார்களா என்பது சந்தேகம். நான் புரூப் பார்த்த அச்சகத்தில் அவர் கட்டிங் மிஷின் ஓட்டினார். பள்ளிக்கூட கைடுகளை வெட்டி வெட்டி, கழித்துப்போட்ட தாள்களைப் படித்துப் படித்து, உலகத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் விவசாயம்தான் என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

யாராவது நிம்மதியாக டீ குடித்தால் அவருக்குப் பொறுக்காது. வெள்ளம் வடிந்து வண்டல் படிந்தது, வண்டலில் தானியம் மிஞ்சியது, மிஞ்சியதால்தான் ஒருத்தன் பானை வனையவும் இன்னொருத்தன் டீக்கடை வைக்கவும் முடிந்தது என்று ஆரம்பித்துவிடுவார். லோடு ஏற்ற வந்த டிரைவர் ஒருவர் யூப்ரடீஸ், டைக்ரீஸ் இரண்டையும் முழுசாகக் கேட்டார். அடுத்த தடவை அவர் வண்டியைவிட்டு இறங்கவே இல்லை.

இத்தனைக்கும் அண்ணாச்சியின் சொத்து சொந்த ஊரான மல்லாங்கிணற்றில் மூன்று ஏக்கர் மானாவாரி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் அச்சகம்.

“ஒங்க ஊர்ல ஆறே கெடையாதே அண்ணாச்சி?” என்று ஒருநாள் கேட்டேன்.

“அதான் பேசிக்கிட்டிருக்கேன். இருந்தா வெள்ளாமை பாத்துக்கிட்டுல்ல இருப்பேன்.”

பள்ளி திறக்கும் சமயத்தில், ‘ஆற்றங்கரை நாகரிகங்கள்’ என்று வகுப்பறையில் மாட்டும் சார்ட்டுக்கு ஆர்டர் வந்தது. அச்சாகி வந்த தாள்களை வெட்டப்போன அண்ணாச்சி மிஷினை நிறுத்திவிட்டார். முதல் படம் அரசன், அடுத்தது கோட்டை, பிறகு எழுத்து, கடைசி மூலையில் உழவன். வரிசை தப்பு, வெட்ட மாட்டேன் என்றார். வாசலில் லாரி நின்றது. முதலாளி வந்து, வெட்டாவிட்டால் நாளை முதல் வர வேண்டாம் என்றார்.

அண்ணாச்சி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மொதல்ல சோறு, மொதலாளி. சோறு மிஞ்சுனாத்தான் ஊரு, ராசா எல்லாம். நீங்க அடிக்கிற காலண்டரே, வெள்ளம் எப்ப வரும்னு நாளு பாத்தவன் கண்டுபிடிச்சதுதான்.”

காலண்டர் என்றதும் முதலாளிக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆர்டரோடு வந்த கைப்பிரதியை எடுத்துவரச் சொன்னார். அதில் உழவன்தான் ஒன்றாம் எண். எண்கள் தலைகீழாக மாறியிருந்த புரூப்பில் ‘சரி’ என்று கையெழுத்துப் போட்டிருந்தவன் நான். முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“சாப்பிடவிடாம புரூப்ப நீட்டியிருப்பாக, மொதலாளி. வயிறு காஞ்சா எழுத்து எங்கிட்டுத் தெரியும்?” என்றார் அண்ணாச்சி.

அன்று நான் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தேன் என்பது அவருக்குத் தெரியும். முதலாளி சிரித்துவிட்டார். சார்ட் மறுபடி அச்சானது. என் வேலை தப்பியது.

நல்ல மழை பெய்த ஒரு வருஷம் விதைக்கப் போன அண்ணாச்சி திரும்பவில்லை. விளைச்சலுக்குக் குறைவில்லை என்று கேள்வி. மல்லாங்கிணற்றில் எனக்கு ஒரு சென்ட் நிலம்கூடக் கிடையாது. ஆனாலும் அந்தப் பக்கம் வானம் கறுத்தால், பெய்துவிட வேண்டுமே என்று இருக்கிறது.