நெத்திலி காய்ந்த அறுபத்திரண்டு கதவுகள்

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வீடு விட்டுப்போனால் வேலூர் ஜெயில்தான் என்று நான் மனமார நம்பியிருந்தேன். (சிரிக்காதீர்கள். வேலை நிரந்தரமாகவில்லை, அடுத்த மாதம் கல்யாணம்.)

எழுபதாம் வருடம். கணக்கெடுப்புக்கு முன்பாக வீடுகளுக்கு எண் போட வேண்டும். சதுரங்கப்பட்டினத்துப் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் தலையில் மீனவர் குப்பம் விழுந்தது. செங்கல்பட்டில் நடந்த பயிற்சி வகுப்பில் அதிகாரி எடுத்த எடுப்பிலேயே தண்டனைப் பிரிவைப் படித்தார். பிறகு என் காதில் எதுவும் ஏறவில்லை. சிறைக்குப் போனவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். 'கழற்ற முடியாத இடத்தில் எழுதுங்கள்' என்று அவர் சொன்னது அப்போதுதான் இருக்க வேண்டும்.

குப்பத்தில் அறுபத்திரண்டு குடிசைகள். ஓலைப் படல்தான் கதவு. ஒவ்வொரு படலிலும் தாரால் பெரிது பெரிதாக எண் எழுதினேன். அச்சடித்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் சரிபார்க்க வருவதாக இருந்தது. முன்னதாகவே போனேன். ஒரு வாசலிலும் படல் இல்லை. கடற்கரைக்கு ஓடினால், என் எண்களெல்லாம் மணலில் மல்லாந்து கிடக்கின்றன, மேலே நெத்திலி. விடியற்காலையில் வலை நிறைய மீன் விழுந்ததாம். மீன்பாடு அதிகமானால் படலைக் கழற்றி மீன் காயப்போடுவது அங்கே வழக்கமாம். (ஊருக்கே தெரியும், என்னைத் தவிர.)

காக்கை விரட்டிக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா வாத்யாரே, பேயறைஞ்சாப்ல கீற?"

வேலை, ஜெயில், கல்யாணம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"நீ நெம்பர் போட்டது படலுக்கு. வூடு இன்னா நடந்தா பூட்ச்சி?"

எனக்கு அது ஆறுதலாகப் படவில்லை. ஒரு படலை உதறித் தலையில் தூக்கிக்கொண்டு, இது யார் வீட்டுக் கதவு என்று வாசல் வாசலாக ஓடினேன். நல்ல படலென்றால் மூன்று வீட்டார் உரிமை கொண்டாடினார்கள். கிழிந்த படலுக்கு வாரிசே இல்லை. நான்காவது படலோடு ஓடும்போது எதிரே மேற்பார்வையாளர். என் தலையில் பதினேழாம் எண், சட்டைக்குள் நெத்திலி. வணக்கம் சொல்லக் கை ஒழியவில்லை. மாமியார் வீட்டுக்கு என்ன சொல்லி அனுப்புவது என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

இன்றைக்கும் வீட்டில் நெத்திலிக் குழம்பு என்றால், "பதினேழாம் நெம்பர் வூட்டுது, பயப்படாம சாப்பிடு" என்று சொல்லித்தான் என் மனைவி பரிமாறுகிறாள்.

உண்மையில் அன்றைக்கு நடந்தது இவ்வளவுதான். மேற்பார்வையாளர் குடிசை வாசலில் நட்டிருந்த மரத்தூணைக் காட்டி, "இதுல எழுதுங்க" என்றார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுதி முடித்துவிட்டேன். தார்கூட மிச்சம் இருந்தது.