லு மேரும் லா மேரும்

யாழ்ப்பாணத்து ஆளை நிலாவில் இறக்கிவிட்டாலும், அங்கே இன்னொருவரைக் கண்டால் முதலில் கேட்பது "நீங்கள் எவடம்?" என்றுதான். பெயர் பிறகு. சுகம் அதற்கும் பிறகு. ஊரைத் தெரிந்தால் ஆளைத் தெரிந்த மாதிரி என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த நம்பிக்கையோடு ஒரு பிரெஞ்சுக்காரரிடம் போய் நான் பட்ட பாட்டை எங்கள் வீட்டில் இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்கள். (சொல்பவர்களில் நானும் ஒருவன். மற்றவர்களிடம் விட்டால் கூட்டிச் சொல்வார்கள்.)

எங்கள் மகள் அபி ஒரு பிரான்ஸ் பொடியனை விரும்பினாள். பெயர் மத்தியு. கனடாவில் நாங்கள் இருக்கிற மொன்றியலுக்குப் படிக்க வந்து இங்கேயே நின்றுவிட்டவன். தங்கமான பிள்ளை. ஆமாம் என்பதற்கு எங்களைப் போல "ஓம்" சொல்லப் பழகியிருந்தான். எது கேட்டாலும் ஓம் என்பான். வீட்டுக்கு வந்த முதல் நாளே "எவடம்?" என்று என் பிரெஞ்சில் கேட்டேன். பிரான்சின் நடுவில் ஒரு குட்டிக் கிராமம் என்றான். அதன் பெயர் 'சென்' என்று தொடங்கி மூக்குக்குள் போய் முடிந்தது. இன்றுவரை எனக்கு அது வாயில் வராது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டேன்.

"லு மேர்" என்றான்.

இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் குசினிகளில் காதால் பொறுக்கிய பிரெஞ்சு அது. சொற்களுக்கு முன்னால் வருகிற லு, லா இரண்டையும், பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற சத்தம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'மேர்' எனக்கு நன்றாகத் தெரிந்த சொல். எங்கள் மெனுவில் 'ப்ருயி து மேர்' என்று ஒரு சாப்பாடு இருந்தது. இறால், நண்டு, மட்டி எல்லாம் போட்டது. ஆகவே மேர் என்றால் கடல். சம்பந்தி கடல்தொழில்காரர். நானோ பருத்தித்துறைக் கடற்கரை ஆள். இதைவிடப் பொருத்தத்தை எந்தச் சாத்திரியார் பார்த்துச் சொல்லிவிடப் போகிறார்?

தகப்பன் மட்டும் மொன்றியலுக்கு வருவதாக ஏற்பாடானது. ஆடுகளைப் பார்க்க ஆளில்லை என்று தாய் வரவில்லை. அவர் வருவதற்குள் அவருடைய ஊரைப் படித்துவிடுவது என்று, வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் போனைத் திறந்தேன்.

திறந்த வாய் மூடவில்லை. அந்த ஊர்ச் சனம் முழுவதும் பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் கட்டடத்துக்குள் அடங்கிவிடும். (சலவை மெஷின் அறையைத் திறந்துவிட்டால் ஆடுகளும் அடங்கும்.) அவ்வளவு சின்ன ஊருக்குள் எத்தனை காலம்! அரசர்கள் வந்து போனதையெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு கல்லுத் தேவாலயம். ஊரை வளையல் மாதிரி வளைத்துக்கொண்டு ஓடுகிற ஆறு. ஊர்ப் பெண்கள் கூடி உடுப்புத் தோய்த்த கல் தொட்டி. நடுச்சந்தியில் ஒரு தூண். அதில் முதலாம் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத பொடியளின் பெயர்கள். படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். மத்தியுவின் குடும்பப் பெயர் வந்தது. அதற்குக் கீழே திரும்பவும் வந்தது. அன்றைக்கு நான் இறங்க வேண்டிய ஸ்டேஷன் எப்போது போனது என்று தெரியாது.

கடலைத்தான் காணவில்லை. வரைபடத்தில் நாலு பக்கமும் பச்சையாக இருந்தது. போன் பழசு, அதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

மனிதர் வந்தார். பெரிய உடம்பு, பெரிய கைகள், வார்த்தை மட்டும் இல்லை. எதைக் காட்டினாலும் தலையை ஆட்டினார். மத்தியு தகப்பனின் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தான். அது வராமல் நாள் குறிக்க அவனுக்கு மனமில்லை. அபியின் முகம் ஒவ்வொரு நாளும் சுருங்கிக்கொண்டு வந்தது. என் மனைவி சறோ அடுப்படியில் மெல்லச் சொன்னாள்: "உந்த மனுசன் வாயே திறக்குதில்லை. பிள்ளையைப் பிடிக்கேல்லையோ தெரியாது."

"நீர் சும்மா இரும். நான் ஊரைப் பற்றிக் கதைச்சா ஆள் இளகிவிடும்" என்றேன்.

அவர் திரும்பிப் போவதற்கு முதல்நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. கடல்காரருக்குக் கடலையே சமைப்போம் என்று நண்டுக் கறி, இறால் பொரியல், கணவாய், பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சிய ஒரு சட்டி ஒடியல் கூழ். பிள்ளைகள் இருவரும் சோடா வாங்கக் கீழே டெப்பனர் கடைக்குப் போனார்கள். போகும்போது அபி என் காதுக்குள், "அப்பா, அவரோடை கதையுங்கோ. ஆனா கனக்கக் கதைக்காதேங்கோ" என்றாள். முதல் பாதி மட்டும் எனக்குக் கேட்டது.

"மேர் சுகமோ?" என்று தொடங்கினேன்.

"மேர் சுகம். நன்றி" என்றார். வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் முழு வசனம். எனக்குச் சிறகு முளைத்துவிட்டது.

"உங்கள் மேர் பெரிதா?"

குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். "கொஞ்சம்" என்றார்.

"எங்கள் மேர் மிகவும் பெரிது. இரவெல்லாம் கத்தும். மார்கழியில் குழம்பினால் வேலியைப் பிய்த்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்."

"வீட்டுக்குள்ளா?"

"அப்படியிருந்தும் எங்களுக்கு அதில் பயங்கர விருப்பம். பின்னேரமானால் முழு ஊரும் மேரிடம் போகும். காலைக் கழுவுவோம். சின்னப் பிள்ளைகள் உடுப்பில்லாமல் ஏறிக் குதிப்பார்கள். மீன் கழிவையும் அதற்குள்தான் கொட்டுவது."

மனிதர் கரண்டியைக் கீழே வைத்தார். நண்டு அவருடைய சாப்பாட்டுக் கோப்பையில் தொடப்படாமல் கிடந்தது. "மேர் ஒன்றும் சொல்வதில்லையா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"என்ன சொல்வது? கொட்டினதைத் திரும்பக் கரைக்குத் தள்ளிவிடும்" என்றேன்.

கதவடியில் சோடாப் போத்தலோடு அபி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ, முகம் வெளுத்திருந்தது. "அப்பா," என்றாள், "லா மேர்தான் கடல். இவர் லு மேர். ஊருக்கு மேயர்."

ஒரு ஊரின் மேயரைப் பிடித்து, அவருக்குள் மீன் கழிவைக் கொட்டி, பிள்ளைகளை ஏற்றிக் குதிக்கவிட்டிருக்கிறேன். மகளின் கலியாணம் கூழ்ச் சட்டிக்குள் மூழ்குவது கண்ணுக்குத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து சறோ "என்னவாம்?" என்று கேட்டாள். அபி சொன்னாள். பிறகு, "அப்ப உந்த நண்டெல்லாம் ஆருக்கு உடைச்சனான்?" என்று கேட்டது.

மத்தியு தகப்பனுக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினான். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துத் தடவித் தடவி ஒரு படத்தை என் பக்கம் நீட்டினார். தேவாலயத்துச் சுவர். கிட்டத்தில் எடுத்தது. கல்லுக்குள்ளே சிப்பிகள். ஒன்றின் மேல் ஒன்றாக, வரிவரியாக, எங்கள் கரையில் கிடக்கிற அதே சிப்பிகள்.

"கடல் இருந்தது," என்றார். "மனிதர் வருவதற்கு முன்னால். அந்தக் கடலை வெட்டித்தான் தேவாலயம் கட்டினார்கள். உழுகிற நேரம் இன்னமும் சிப்பி வரும்."

எனக்குப் பேச்சு வரவில்லை. (குடும்பத்தில் இதை ஒருவரும் நம்புவதில்லை. சாட்சிகள் இருக்கிறார்கள்.)

இப்போது அவர் பேசினார். மாரியில் ஆறு பாலத்தைத் தொடுவது, பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடம் மூடியது, தூணில் இருக்கிற பெயர்களை ஆண்டுதோறும் தான் உரத்து வாசிப்பது. கடைசியில் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேயராகச் சாவுகளைத்தான் பதிகிறேன். அங்கே ஒரு கலியாணம் நடந்து எத்தனையோ வருடம். இதைக் கேட்கத்தான் வந்தேன். ஆனால் நீங்கள் பெரிய நகரத்து ஆட்கள். எங்கள் ஊரில் வைக்கலாமா என்று எப்படிக் கேட்பது?"

அபி சறோவைப் பார்த்தாள். சறோ என்னைப் பார்த்தாள். மத்தியு வழக்கம்போல "ஓம்" என்றான். அந்த ஒரு தடவை அது சரியான இடத்தில் விழுந்தது.

அடுத்த கோடையில் அங்கே போனோம். பாரிசிலிருந்து எங்கள் சொந்தக்காரர் வான்களில் வந்து இறங்க, ஊரின் சனத்தொகை ஒரே நாளில் பெருகியது. தோளில் மூவர்ணப் பட்டி போட்டுக்கொண்டு மேயர் தன் மகனுக்கும் என் மகளுக்கும் கலியாணம் செய்து வைத்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பெரிய கையால் பதிவுப் புத்தகத்தை ஒருமுறை தடவிக்கொடுத்தார். சடங்கு முடிந்ததும் நான் தனியே போய்த் தேவாலயச் சுவரில் கையை வைத்தேன். கல் குளிர்ந்திருந்தது. விரலுக்கு ஒரு சிப்பி தட்டுப்பட்டது. ஒருவரும் இல்லாத காலத்திலிருந்து அங்கேயே கிடக்கிற ஆளிடம் போய் "எவடம்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நானல்லவா வந்த ஆள்.

இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டுப் போன் அடிக்கும். சம்பந்தி அபியிடம் கேட்டுப் பாடமாக்கிய ஒரே தமிழ் வசனத்தை, மூக்கால் இழுத்து, தவறாமல் சொல்வார்:

"கடல் கதைக்குது."

"சொல்லுங்கோ," என்பேன் நான், "இஞ்சை இறால்."