ஒன்பது சதவீதத் தெருவின் தலைவர்

நாட்டை முன்னேற்றிவிடுவது என்று முடிவு கட்டினேன். எங்கள் தெருவிலிருந்து தொடங்குவதாகத் திட்டம்.

காரணம், நகராட்சி ஒட்டிய அறிவிப்பு. நூறு கிலோ குப்பையில் மறுசுழற்சிக்குப் போவது நாடு முழுக்க நாற்பது கிலோ, எங்கள் ஊரில் முப்பது, எங்கள் தெருவில் ஒன்பது. எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று மாலையே தெருக்காரர்கள் கூடி என்னைத் தலைவராக்கிவிட்டார்கள். போட்டியே இல்லை. என் அருமை தெரிந்த ஜனங்கள் என்று நெகிழ்ந்துபோனேன்.

மனைவியிடம் சொன்னேன்.

"உங்களைவிடப் பொருத்தமான ஆள் யாரு?" என்றாள்.

கல்யாணமானதிலிருந்து எங்களுக்குள் ஒரே விஷயத்தில்தான் சண்டை. மாடிப்படிக்குக் கீழே நான் சேர்த்துவைத்திருந்த பாடாத ரேடியோக்கள், சுற்றாத மின்விசிறிகள். ஓய்வு பெற்றதும் பழுது பார்ப்பதாக இருந்தேன். ஓய்வும் பெற்றாயிற்று, நேரம்தான் கிடைக்கவில்லை. அப்படிப்பட்டவள் பாராட்டியபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"தலைவரா முதல் கூட்டத்துல என்ன பேசப் போறீங்க?"

"உதவாததை வீட்டுல வச்சிருக்கிறது தெருவுக்கே அவமானம்னு."

"நல்லாருக்கு. 'முதல்ல என் வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன்'னு ஒரு வரி சேத்துக்குங்க. கைதட்டுவாங்க."

சேர்த்துக்கொண்டேன். கைதட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் மறுசுழற்சி வண்டி என் வாசலில் வந்து நின்றது. யாரோ முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்கள்.

"ஏய், அந்தப் பெரிய ரேடியோவை மட்டும் விட்டுடச் சொல்லேன்," என்று அவள் காதில் கெஞ்சினேன்.

"தலைவரே, போட்டோ எடுக்கிறாங்க. சிரிங்க."

சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் நகராட்சிப் பலகையில் தொங்குகிறது.

தலைவர் வீடே காலியானதும் தெருவில் எல்லோரும் போட்டி போட்டு வீட்டை ஒழித்தார்கள். அடுத்த கணக்கில் எங்கள் தெரு ஊரை முந்தி, நாட்டையும் முந்திவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் கை குலுக்கினார்.

"உங்களைத்தான் தலைவராப் போடணும்னு உங்க வீட்டம்மா வீடு வீடா வந்து சொன்னப்போ நான்கூட நம்பலை சார்."

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன். மாடிப்படிக்குக் கீழே புது நாற்காலி. அதில் அவள் காலை நீட்டிக்கொண்டு, பாட்டு முணுமுணுத்தபடி வாரப்பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளைப் பார்த்ததில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியைத் திரட்டிக்கொண்டு சொன்னேன்.

"இத்தோட நான் பதவி விலகுறேன்."

"அதெப்படி? அடுத்த வருஷமும் நீங்கதான்னு எல்லார்கிட்டயும் பேசி முடிச்சுட்டேன்," என்றாள், பக்கத்தைப் புரட்டியபடி. "பரண் இன்னும் பாக்கியிருக்கே."