பானெட்டின் மேல் ஒரு திமில்

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தாலும் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் காரைத் திருப்புவதில்லை என்று தருமன் வியாழக்கிழமை பல் துலக்கும்போதே முடிவு செய்துவிட்டான். அதை மனைவியிடம் சொல்லும் தைரியம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

தேரடித் தெருவில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடை அவனுடையது. எப்பேர்ப்பட்ட கடவுளும் அங்கே அவன் போடும் சட்டத்துக்குள் அடங்கி உட்கார்ந்துவிடுவார். வீட்டில் ஆதிலட்சுமி வைத்ததுதான் சட்டம்.

சிக்கல் இதுதான். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய தம்பி அருள்ராஜ் கீழ்பென்னாத்தூரில் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். தம்பி வீட்டு வாசலில் குத்துவிளக்கோடு காரில் போய் இறங்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதே ஞாயிறு காலை, செங்கம் ரோட்டில் ஒரு காபிக் கடை வாசலில், அவன் நண்பன் கோபியும் மற்ற கார்ப் பைத்தியங்களும் அவரவர் வண்டியோடு கூடுகிறார்கள். அங்கே தன் ஸ்கூப்பைக் காட்டாவிட்டால் தருமனுக்கு ஜென்மம் சாபல்யம் ஆகாது.

ஸ்கூப் என்பது காரின் முன்மூடியான பானெட்டின் மேல் காளையின் திமில் மாதிரிப் புடைத்து, முன்பக்கம் வாயைத் திறந்து வைத்திருக்கும் ஒரு கறுப்புச் சாமான். அதன் வழியாகக் காற்று எஞ்சினுக்குள் பாயுமாம். போன வாரம்தான் வேலூருக்குப் போய், ஒரு கடையில் வண்டியை விட்டுவிட்டு, பிரியாணி சாப்பிட்டு வருவதற்குள் மாட்டித் தந்துவிட்டார்கள். அன்று முதல் வண்டி காற்றாய்ப் பறக்கிறது என்று அவன் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆதிலட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே போகாதா என்று. காத்து மட்டும்தான் போகும், இதெல்லாம் உனக்குப் புரியாது என்று அன்றைக்கு அவள் வாயை அடைத்திருந்தான்.

இப்போது அந்தக் கேள்வியே அவனுக்குக் கைகொடுத்தது. அண்ணாமலையார் மலை மேல் கருமேகம் வேறு இறங்கியிருந்தது.

"லட்சுமி, நீ அன்னைக்குக் கேட்டது சரிதான். மழை பெஞ்சா தண்ணி நேரா எஞ்சினுக்குள்ள போயிடுமாம். ஞாயித்துக்கிழமை மழைன்றாங்க. வண்டிய எடுத்தா அவ்ளோதான்."

"அப்ப இன்னாங்க பண்றது?"

"நீ பஸ்ல போயிடேன். பௌர்ணமி கிரிவலமா, கூட்டம் ஜாஸ்தியா இருக்கறதுக்கு? ஜன்னலோரம் உக்காந்தா மலைய பாத்துக்கினே போலாம். நான் கடைய பாத்துட்டு மத்தியான சாப்பாட்டுக்கு வந்துடறேன்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் 'நீ கேட்டது சரி' என்று அவன் சொன்னது இதுதான் முதல் முறை. ஆதிலட்சுமி அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு, சரிங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இவ்வளவு சுலபமாக முடிந்ததில் தருமனுக்கே கொஞ்சம் ஏமாற்றம்.

வெள்ளிக்கிழமை காலை அவள் காரைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, ஸ்கூப்பின் நெற்றியில் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அதையும் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டாளே என்று தருமன் நெகிழ்ந்துபோனான். போனில் கோபியிடம் பெருமையாகச் சொல்லவும் சொன்னான்.

ஞாயிறு விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டது. முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன் என்ற குரல் கனவில் கேட்டதுபோல் இருந்தது. தருமன் போர்வையை இழுத்துத் தலை வரை மூடி, ஆனந்தமாகத் தூங்கினான். நன்றாக விடிந்தபின் குளித்து, புதுச் சட்டை போட்டு, அந்த மழையிலும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, சாவி எடுக்கச் சாமி அலமாரிக்குப் போனான். அண்ணாமலையார் படத்துக்கு முன்னால் விபூதி இருந்தது. சாவி இல்லை.

வாசலுக்கு ஓடினான். காரும் இல்லை. கார் நின்ற இடத்தில், கார் உறை அழகாக மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் அவனுடைய குடை.

ஆதிலட்சுமி போன வருஷமே லைசென்ஸ் வாங்கியவள். வண்டியைத் தொடத்தான் அவன் விட்டதில்லை. உடனே அவளுக்குப் போன் செய்தான். பின்னால் நாதஸ்வரம் கேட்டது.

"நல்லபடியா வந்துட்டேங்க. வழியெல்லாம் செம மழை."

"எஞ்சினுக்குள்ள தண்ணி போவலையா?"

"தண்ணி போறதுக்கு ஓட்டை வேணும் இல்லீங்க? பானெட்ல ஓட்டையே போடல, மேல சும்மா ஒட்டி வச்சிருக்காங்க. வெள்ளிக்கிழமை அதோட வாயில ஒரு சொம்பு மஞ்சத்தண்ணி ஊத்துனேன். ஊத்துனது அப்படியே திரும்பி வந்துடுச்சு. பானெட்ட தூக்கிப் பாத்தா, உள்ள ஒரு சொட்டு மஞ்சள் இல்ல."

தருமன் மடித்து வைத்த உறையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அப்ப காத்து?"

"அது மட்டும் எப்படிங்க போவும்? பஸ் ஏறி வாங்க. ஜன்னலோரம் உக்காந்துக்கங்க."

அன்றைக்குப் பெரிய முகூர்த்த நாள் என்பதை அவன் மறந்திருந்தான். ஊரிலுள்ள கல்யாணமெல்லாம் அந்தப் பஸ்ஸில்தான் ஏறியிருந்தது. தருமன் ஒரு சீர்வரிசை அண்டாவைக் கட்டிப்பிடித்தபடியே கீழ்பென்னாத்தூர் வரை நின்றான். மலை எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை.

புது வீட்டு வாசலில் அவன் கார் ஜம்மென்று நின்றது. சுற்றிலும் சொந்தபந்தம். ஆதிலட்சுமி ஸ்கூப்பைத் தட்டிக் காட்டி, தம்பி பெண்டாட்டி நந்தினிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்து மட்டும்தான் உள்ள போகும் நந்தினி. மழை ஒரு சொட்டு போகாது. எல்லாம் உங்க அண்ணன் பாத்துப் பாத்துப் போட்டது."

எல்லோரும் தருமனை மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அருள்ராஜ் ஓடிவந்து, மாமா எனக்கும் ஒண்ணு போட்டுக் கொடுங்க என்று கையைப் பிடித்துக்கொண்டான். காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிவிட்டாளே என்று தருமன் பூரித்துப்போனான். அந்தச் சந்தோஷத்தில் பாயசம் மூன்று முறை வாங்கிக் குடித்தான்.

சாயங்காலம் கிளம்பும்போது வானம் பளிச்சென்று வெளுத்திருந்தது. தருமன் சாவிக்காகக் கையை நீட்டினான். ஆதிலட்சுமி மேலே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"மழை வர்ற மாதிரி இருக்குங்க. நீங்க பயப்படுவீங்க."