நவநீதனின் சூட்டுக்கோல்

இனிமேல் வீட்டிலுள்ள எந்தப் பொருளையும் கடையில் கொடுத்துப் பழுது பார்ப்பதில்லை என்று ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் குடியிருக்கும் நவநீதன், ஒரு வெள்ளிக்கிழமை காலை இட்லிக்கும் காபிக்கும் நடுவில் தீர்மானம் போட்டார். முன்மொழிந்தவர் அவர். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்க்கட்சி அடுப்படியில் இருந்தது.

"எந்தப் பொருளைங்க?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

"உன் தம்பியோட கேம் பெட்டியைத்தான். சிப்பை நானே வைக்கப்போறேன்."

மனைவி பிரேமலதாவின் தம்பி இளவரசனுக்குச் சிங்கப்பூரில் வேலை. ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன கேம்களைத் தானே எழுதுவான். அவனிடம் கையில் பிடித்து விளையாடும் நீலநிறப் பெட்டி ஒன்று உண்டு. கம்பெனி விற்கும் கேம்களைத் தவிர வேறெதையும் அது சீண்டாது. விரல்நகத்தளவு சிப் ஒன்றை உள்ளே பற்றவைத்தால் இளவரசன் எழுதியதையும் ஓட்டும். போன லீவில் அந்தப் பெட்டியை அக்காவிடம் விளையாடக் கொடுத்துவிட்டுப் போனவன், இப்போது சிப்பைக் கூரியரில் அனுப்பி, 'நல்ல கடையாப் பாத்து வச்சு வை அக்கா, அடுத்த வாரம் வரேன்' என்று சொல்லியிருந்தான்.

அந்த 'நல்ல கடை'தான் நவநீதனைச் சுட்டது.

போன தடவை மச்சினன் வந்திருந்தபோது நவநீதன் ஒரு ட்யூப் லைட்டை மாற்றினார். லைட் எரிந்தது. மற்றபடி அந்த அபார்ட்மெண்ட் முழுக்க இருட்டு. அதிலிருந்து அவர் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாலே, "மாமா, நீங்க கொஞ்சம் நகருங்க" என்பான் இளவரசன். சிங்கப்பூரிலிருந்து வீடியோ காலில்கூட ஒரு முறை நகரச் சொன்னான். இந்தச் சிப் மட்டும் உட்கார்ந்துவிட்டால் அந்த வார்த்தையை அவன் வாயிலிருந்தே பிடுங்கிவிடலாம்.

அவருக்குத் தகுதியும் இல்லாமலில்லை. ஒரு பாலிடெக்னிக்கில் அலுவலகக் கண்காணிப்பாளர். மின்னணு ஆய்வகத்துக்கு வருகிற எந்தச் சாமானும் அவர் கையெழுத்து இல்லாமல் உள்ளே போகாது. இத்தனை வருஷம் கையெழுத்துப் போட்ட கைக்கு இரண்டு இடத்தில் ஈயம் வைக்கத் தெரியாதா?

"வேண்டாங்க," என்றாள் பிரேமலதா.

"ஏன்?"

"அது நுணுக்கமான வேலை. அதுக்குன்னு ஆளுங்க இருக்காங்க."

"நான் ஆளா தெரியலையா உனக்கு?"

"ஆளுதான். அதுக்கான ஆளு இல்லைங்கிறேன். நாளைக்குக் காலைல நானும் மாடி வீட்டு ரங்கநாயகியும் காந்தி மார்க்கெட் போறோம். வர மத்தியானம் ஆயிடும். பெட்டி அலமாரில மேல் தட்டுல இருக்கு, சிப்பும் பக்கத்துலயே இருக்கு. தயவுசெஞ்சு தொட்டுராதீங்க."

"எந்தத் தட்டு?"

"மேல் தட்டுங்க. வலது பக்கம்."

சனிக்கிழமை அவள் பஸ் ஏறியிருப்பாள் என்று தோன்றியதும் நவநீதன் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக் கடையைப் பரப்பினார். ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன், ஈயக்கம்பி, ஈயம் ஒட்டப் பூசும் ஃப்ளக்ஸ் டப்பா, மல்ட்டிமீட்டர், நெற்றியில் மாட்டும் பூதக்கண்ணாடி. எல்லாம் புதுசு. சால்டரிங் அயர்னுக்குப் பிரேமலதா பெயர்கூட வைத்திருந்தாள்: சூட்டுக்கோல்.

பெட்டியை அவர் ஆன் செய்து பார்க்கவில்லை. அது அலுவலகப் பழக்கம். சாமான் வந்தால் எண்ணிக்கை சரியா, சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஓடுகிறதா என்று பார்ப்பது ஆய்வகத்தார் வேலை. பெட்டி ஒன்று, சிப் ஒன்று. எண்ணிக்கை சரியாக இருந்தது. திறந்தார்.

திறந்ததும் முதல் சந்தேகம் வந்தது. ஈயம் வைக்க வேண்டிய இடம் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடியை மாட்டினார். கசகசா அளவில் ஒரு வரிசை தெரிந்தது. சிப்பின் கம்பி தலைமுடி மாதிரி. மின்விசிறிக் காற்றில் அது ஆடியது. விசிறியை நிறுத்தினார். திருச்சி வெயில் உடனே உள்ளே வந்து உட்கார்ந்தது. மூக்கு நுனியில் ஒரு வியர்வைத் துளி திரண்டு, எங்கே விழலாம் என்று போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் பொட்டு ஈயம் பக்கத்துப் பொட்டோடு ஒட்டிக்கொண்டது. செம்புப் பின்னலை வைத்து உறிஞ்சி எடுத்தார். இரண்டாவது பொட்டு கோலிக்குண்டாகப் புரண்டது. மூன்றாவது, சத்தியமாக, அழகாக உட்கார்ந்தது. நவநீதனே தன் முதுகில் தட்டிக்கொடுத்திருப்பார், கை எட்டவில்லை.

எல்லாம் முடிந்தது. ஸ்க்ரூ ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் முறை.

பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பு.

சார்ஜ் போட்டார். கறுப்பு. மறுபடி திறந்து மல்ட்டிமீட்டரை ஒவ்வொரு பொட்டிலும் குத்தினார். எல்லாப் பொட்டும் சரி என்றது மீட்டர். செல்போன் வீடியோவில் ஒருவர், 'சிப்பைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், பழையபடி ஓடினால் சிப்பில் கோளாறு' என்றார். கழற்றினார். பழையபடி ஓடவில்லை. அப்படியானால் கோளாறு யாரிடம் என்று வீடியோ சொல்லவில்லை. நவநீதனுக்குத் தெரிந்துவிட்டது.

பெட்டியை மூடி மேல் தட்டில் வலது பக்கம் வைத்தார்.

"ஏங்க, என்ன ஒரு வாடை?" என்றாள் கத்தரிக்காய்ப் பையோடு உள்ளே வந்த பிரேமலதா.

"ஊதுவத்தி."

"புது மாதிரியா இருக்கே. நல்லாருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சிங்காரத்தோப்புக்குப் பக்கத்துச் சந்தில் ரசூல் என்பவரின் கடைக்குப் போனார். இந்த மாதிரிப் பெட்டிகளைப் பழுது பார்த்து, பழசும் விற்கிற கடை. பிரேமலதா எப்போதோ பேச்சுவாக்கில் சொன்ன இடம்.

ரசூல் பெட்டியைத் திறந்து பார்த்தார். "யாரு சார் கை வச்சது?"

"ஒரு பையன்."

"சால்டரிங் மோசமில்ல. திறக்குறதுக்கு முன்னாடி ஆன் பண்ணிப் பாத்தாரா அந்தப் பையன்?"

இல்லை என்று சொல்ல நவநீதனுக்குக் கூச்சமாக இருந்தது. "பின்ன? ஜோரா ஓடிச்சே!"

ரசூல் ஒரு நொடி அவரையே பார்த்தார். "மாஷா அல்லாஹ். அப்ப அந்தப் பையன்தான் சார் இதை முடிச்சிருக்காரு. இனி எந்திரிக்காது."

"இதே மாதிரி, இதே நீலத்துல, பழசு ஒண்ணு கிடைக்குமா?"

ரசூல் மேஜைக்குக் கீழே கைவிட்டார். அதே மாதிரி. அதே நீலம். ஆண்டவனே எடுத்து வைத்ததுபோல இருந்தது. நவநீதன் தனக்குப் புது போன் வாங்கச் சேர்த்திருந்த பணம் அங்கேயே கைமாறியது. ரசூல் சிப்பையும் வைத்து, இளவரசனின் மெமரி கார்டையும் அந்தப் பெட்டிக்கு மாற்றிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை இளவரசன் வந்தான். பெட்டியை ஆன் செய்தான். அவன் எழுதிய கேம் திரையில் துள்ளி வந்தது. "யாரு வச்சது? சுத்தமா இருக்கே!"

"மாமாதான்," என்றாள் பிரேமலதா.

நவநீதன் அடக்கமாகப் புன்னகைத்தார். இதில் பொய் எதுவும் அவர் சொல்லவில்லை. மறுப்பதற்கு அவரை யாரும் கேட்கவும் இல்லை.

"அக்கா, போன மாசம் தண்ணில விழுந்து செத்துப்போச்சுன்னு போன்ல அவ்ளோ அழுதியே? அப்புறம் சரியாயிடுச்சு, சிப்பை அனுப்புன்னியே, அதை யாரு சரி பண்ணா?"

"அதையும் மாமாதான் சரி பண்ணாரு."

நவநீதன் காபி டம்ளரோடு எழுந்து அடுப்படிக்குப் போனார். பின்னாலேயே அவளும் வந்தாள்.

"தண்ணில விழுந்துச்சா?"

"ம். நானும் ரங்கநாயகியும் முக்கொம்புக்குப் பிக்னிக் போனோம்ல. ஆத்துப் படில உக்காந்து விளையாடிட்டிருந்தேன். வழுக்கிருச்சு."

"அப்ப நான் திறந்தப்பவே அது..."

"எப்பவோ போயிருச்சுங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா கத்துவீங்க. சொல்லல, நீங்களே சத்தமில்லாம வேற வாங்கிட்டு வந்துட்டீங்க."

"வேற வாங்கினது உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த நீலப் பெட்டிய யாருக்கும் குடுத்துராதீங்க, எங்க வீட்டுக்காரர் வருவாருன்னு ரசூல் பாய்கிட்ட சொன்னதே நான்தானே."

நவநீதன் டம்ளரை மேடையில் ணங்கென்று வைத்தார். "இப்பவே உன் தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்றேன் பாரு."

"வாங்க, சேந்தே போவோம். தண்ணில போட்டதை நான் சொல்றேன். ஆன் பண்ணிப் பாக்காமத் திறந்ததை, செத்ததுக்கு ரெண்டு மணி நேரம் வைத்தியம் பாத்ததை, கடைல சிப் வச்சதை எல்லாம் நீங்க சொல்லுங்க. முதல்ல யாரு?"

ஹாலுக்கு வந்தபோது இளவரசன் சிங்கப்பூர் நண்பர்களோடு வீடியோ காலில் இருந்தான். "டேய், இவருதாண்டா எங்க மாமா! ஆத்துல விழுந்த போர்டுக்கு உசுரு குடுத்து, அதுல சிப்பும் வச்சவரு!" போன் நவநீதன் முகத்துக்கு நேரே வந்தது. அந்தப் பக்கம் நாலைந்து முகங்கள் மரியாதையாகப் பார்த்தன. "மாமா, எப்படின்னு ரெண்டு வார்த்தை சொல்லுங்க மாமா!"

உண்மை தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே நின்று ஹாலை எட்டிப் பார்த்தது. முகங்கள் காத்திருந்தன. அது திரும்பிப் போய்விட்டது.

"ஈரம் முழுசாக் காயணும்," என்றார் நவநீதன். "அவசரப்படவே கூடாது. அதான் சூட்சுமம்."

அந்தப் பக்கம் கைதட்டினார்கள். இளவரசன் அவர் தோளில் கை போட்டான். "அது சரி மாமா, கேக்கவே மறந்துட்டேன். அக்காகிட்ட குடுத்தா பத்திரமா இருக்கும்னுதான் விட்டுட்டுப் போனேன். இதைத் தண்ணில போட்டது யாரு?"

பிரேமலதா வாழைக்காய் பஜ்ஜித் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு, சொல்லுங்க என்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான் மாப்ள," என்றார் நவநீதன்.