பன்னிரண்டாம் நிலையில் பிரியாணி

பௌர்ணமி என்றைக்கு என்று தெரிந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் தூக்கலாகவே இருந்தது. தி.நகரில் அப்பாவுக்கு ஜவுளிக்கடை. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். மாசாமாசம் பௌர்ணமி வந்தால் அப்பாவும் அம்மாவும் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் கிளம்பிவிடுவார்கள், கடை என் தலையில். அதனால் அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். (அமாவாசை என்றால் முகம் கழுவிவிட்டுச் சொல்வேன்.) இந்தத் திமிர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்னைப் பட்டுப்புடவையும் மட்டன் பிரியாணியுமாகக் கொண்டுபோய், யார் முன்னால் நல்ல பேர் வாங்க வேண்டுமோ அவர் முன்னாலேயே நிறுத்தியது.

அந்த 'அவர்' லூர்துமேரி அம்மா. பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறவர். அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் குணம் எனக்குப் புடவை வழியாகத் தெரியும். அவர் மகன் ரீகன் எங்கள் கடைக்கு வந்து அம்மாவுக்கு ஒரு கீரைப்பச்சைப் புடவை எடுத்துப் போனான். (இப்போது என் வீட்டுக்காரர். வெளியில் 'அவர்', வீட்டில் 'அவன்'. இதை வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.) மறுநாளே மாற்ற வந்தான், கரை பெரிதாக இருக்கிறதாம். மாற்றிக் கொடுத்தேன். மறுபடி வந்தான், இப்போது சின்னதாக இருக்கிறதாம். மூன்றாம் தடவை வந்து நின்றதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்கம்மாவுக்கு எந்தக் கரையும் ஒத்து வராதுன்னா ஒரு போர்வை தர்றேன், எடுத்துட்டுப் போங்க" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் விழுந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை.

அவனுக்கு அப்பா இல்லை. வீட்டில் அம்மா சொல்வதுதான் சட்டம். அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லச் சொல்லி ஒன்றரை வருஷம் நச்சரித்தேன். கடைசியில் ஒரு புதன்கிழமை, நெற்றியில் சாம்பலோடு வந்து நின்றான். அன்று திருநீற்றுப் புதனாம், தவக்காலம் தொடங்குகிற நாளாம். (திருநீறு என்று கேட்டதும், 'அட, நம்ம ஆளு!' என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குஷி.)

"ஈஸ்டர் அன்னிக்கு மத்தியானம் நேரா எங்க வீட்டுக்கு வந்துடு கோமதி. அன்னிக்கு அம்மா மனசு குளிர்ந்து இருக்கும். யாரு இன்னா கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நான் பேசிடறேன்."

"சரி, அதுவரைக்கும் தினம் போன் பண்ணு."

அவன் தலையைச் சொறிந்தான். "அதுதான் விசயமே. தவக்காலத்துல நமக்கு ரொம்பப் புடிச்ச ஒண்ணை விடணும். எங்க சித்தி காபிய விட்டுடுச்சு. நான் உங்கூடப் பேசறத விட்டுட்டேன்."

"ஏன்டா, கறி மீனை விட வேண்டியதுதானே?"

"அதை வீட்டுல எல்லாரும் ஏற்கெனவே விட்டாச்சு."

இதற்குப் பெருமைப்படுவதா, கன்னத்தில் ஒன்று வைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆட்டுக்கறி லிஸ்டில் என்னையும் சேர்த்துவிட்டான் பாவி. ரோஷத்தில் ஈஸ்டர் என்றைக்கு என்றுகூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே வீட்டில் குண்டு போட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மார்ச் கடைசி ஞாயிறு பெண் பார்க்க வருகிறார்கள் என்றார் அப்பா. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குள் ஈஸ்டர் வந்தாக வேண்டும். லூர்துமேரி அம்மா சரி என்று சொன்னால்தான் அப்பாவிடம் வாயைத் திறக்க முடியும். இல்லாவிட்டால் நான் தூத்துக்குடி.

போனை எடுத்துத் தேடினேன். ஈஸ்டருக்கு நிலையான தேதி கிடையாது, அது நிலாவோடு சேர்ந்து வருகிற பண்டிகை என்று போட்டிருந்தது. மார்ச் இருபத்தொன்றாம் தேதியோ அதற்குப் பிறகோ வருகிற முதல் பௌர்ணமி, அதற்கு அடுத்த ஞாயிறு. அவ்வளவுதானா! பௌர்ணமியா? என்னிடமா? அந்த வருஷம் பங்குனிப் பௌர்ணமி சரியாக இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை. ஆகவே ஈஸ்டர் இருபத்துநாலாம் தேதி. பெண் பார்க்க வருவதற்கு ஒரு வாரம் முன்னால்! ஆண்டவரே எனக்காக நாள் பார்த்துக் கொடுத்ததாகத் தோன்றியது.

இங்கேயாவது நான் நின்றிருக்கலாம். எங்கள் கடை பேர் போட்டு நாங்களே அடித்துக் கொடுத்த காலண்டரில் ஈஸ்டர் ஏப்ரல் மாதத்தில் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? அச்சகத்துக்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். "அண்ணே, ஈஸ்டரை ஒரு மாசம் தள்ளிப் போட்டிருக்கீங்க. ஜனங்க நம்பிப் பண்டிகை கொண்டாட வேண்டாமா?" அவர் பாவம், "அடுத்த வருசம் கரெக்டா போட்டுடறேம்மா" என்று மன்னிப்பே கேட்டார். தவக்காலம் நாற்பது நாள் என்று ரீகன் சொன்னதும் நினைவில் இருந்தது. அதையும் ஒதுக்கிவிட்டேன். நம் ஊரில் ஒரு மண்டல விரதத்தை ஆறே நாளில் முடித்துவிட்டு மலைக்குப் போகிறவர்கள் இல்லையா?

என் கணக்குப்படி புனித வெள்ளியன்று பேங்குக்குப் போனேன். திறந்திருந்தது. அப்போதாவது பொறி தட்டியிருக்க வேண்டும். கேஷியரைப் பார்த்து, "பண்டிகை நாள்லகூட வேலை செய்யறீங்களே சார், நீங்கதான் கடமை வீரர்" என்று பாராட்டிவிட்டு வந்தேன். மனுஷன் என்னைக் கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார்.

ஞாயிறு வந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு மாஸ்டரிடம் சொல்லிவைத்து ஒரு சின்ன டேக்சா மட்டன் பிரியாணி வாங்கினேன். ஈஸ்டருக்குக் கலர் முட்டை வழக்கம் என்று படித்ததால் பன்னிரண்டு முட்டையை அவித்து, பீட்ரூட்டிலும் மஞ்சளிலும் ஊறப்போட்டு ஒரு கூடையில் அடுக்கினேன். எங்கள் கடைப் புடவைக்குச் சாயம் போகாது என்று கியாரண்டி கொடுப்போம். முட்டைக்கு அப்படிக் கொடுக்க முடியவில்லை. ஆட்டோ அடையாற்றைப் பார்க்கத் திரும்புவதற்குள் என் உள்ளங்கை இரண்டும் ரோஸ். கட்டியிருந்தது அரக்குப் பட்டு, தலையில் இரண்டு முழம் மல்லி.

"இன்னாமா, கல்யாணமா? வாசனை ஆளத் தூக்குது" என்றார் ஆட்டோக்காரர்.

"கூடிய சீக்கிரம்ணே" என்றேன். அவ்வளவு தெம்பு.

வீட்டு வாசலில் ஏகப்பட்ட செருப்பு. பண்டிகைக் கூட்டம் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே சத்தமே இல்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று பதறி, இடுப்பில் டேக்சாவும் கையில் முட்டைக் கூடையுமாகத் திரைச்சீலையைத் தலையாலேயே முட்டித் தள்ளி உள்ளே நுழைந்து, போனில் பார்த்து நெட்டுருப் போட்டிருந்த வாழ்த்தை முழுக்குரலில் முழங்கினேன்.

"கிறிஸ்து உயிர்த்தார்! அல்லேலூயா!"

உள்ளே இருபது பேர் முழங்காலில் இருந்தார்கள்.

தவக்காலத்தில் அந்தத் தெருக் குடும்பங்கள் ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் வீட்டில் கூடிச் சிலுவைப் பாதை ஜெபிப்பார்கள் என்பதும், அதில் பதினாலு நிலைகள் என்பதும், பன்னிரண்டாம் நிலையில் இயேசு சிலுவையில் உயிர்விட்டதும் எல்லாரும் முழந்தாளிட்டு மௌனமாக இருப்பார்கள் என்பதும் பிறகு தெரிந்துகொண்டவை. தவக்காலம் முழுக்க 'அல்லேலூயா' என்ற வார்த்தையையே கோயிலில்கூட உச்சரிக்க மாட்டார்கள் என்பதும் அப்படித்தான். இத்தனை கட்டுப்பாட்டையும் நான் ஒரே மூச்சில் உடைத்திருந்தேன்.

முன்னால் முழங்காலில் இருந்த ஒரு அக்கா மெல்லத் திரும்பினார். "இன்னாம்மா நீ, இப்பதான் உசுர வுட்டாரு. அதுக்குள்ள எய்ந்துட்டாருன்ற?"

மூலையில் ரீகன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. நடுவில் கீரைப்பச்சைப் புடவையில் ஒரு பெரிய உருவம். அதுதான் லூர்துமேரி அம்மா என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"முட்டி போடு."

போட்டேன். பிரியாணியைப் பக்கத்தில் வைத்தேன். மூடி லேசாகத் திறந்துகொண்டது. தவக்காலம் தொடங்கியதிலிருந்து கறி வாசனையே படாத இருபது மூக்குகள் இருந்த அறை அது. ஜெபத்தை நடத்திய உபதேசியார் அதுவரை நிறுத்தி நிதானமாக வாசித்தவராம். பதின்மூன்றையும் பதினாலையும் மூச்சு விடாமல் ஓட்டி முடித்தார். ஆண்டவரை அடக்கம் செய்து முடிக்கிற வரைக்கும் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. டேக்சாவைத்தான் பார்த்தார்கள்.

ஜெபம் முடிந்தது. "யார்ரா இது?" என்றார் அம்மா, மகனைப் பார்த்து.

"புடவைக் கடைம்மா... மூணு வாட்டி மாத்தினோமே..."

"புடவைக் கடைல இருந்து இன்னாத்துக்கு பிரியாணி குட்த்து அனுப்பறாங்க?"

ரீகன் டேக்சா மூடியைச் சரிசெய்யக் குனிந்தான். எனக்கு அவமானத்தில் காது ரெண்டும் கொதித்தது. எனக்கு அவமானம் வந்தால் அழுகை வராது, வாய்தான் வரும். "நான் உங்க மகனைக் கட்டிக்கப் போறவ. ஈஸ்டருக்கு வரச் சொன்னான், வந்திருக்கேன். தப்பு என்மேல இல்லை. வியாழக்கிழமை பௌர்ணமி. பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். நீங்க எல்லாரும்தான் லேட்டு!" என்றேன்.

சொன்ன பிறகுதான், என்ன சொன்னேன் என்று என் காதிலேயே விழுந்தது. தொலைந்தேன் என்று நினைத்தேன். ஆனால் கூட்டத்தில் ஒரு வலைக்காரர் தாடையைத் தடவினார். "பொண்ணு சொல்றதும் நாயந்தானேப்பா. வியாயக்கிழம பவுர்ணமி தான். கடலு ஏறிக் கெடந்துச்சே." இன்னொருவர், "ஆமாண்ணா, அப்ப ஈஸ்டரு ஆயிடுச்சா?" என்றார். பார்வை பிரியாணி மேல். ஐந்தே நிமிஷத்தில் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. உபதேசியார் வியர்த்துப்போய்ப் பங்குச் சாமியாருக்கே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஃபாதர், இங்க ஒரு பொண்ணு ஈஸ்டர் முடிஞ்சிடுச்சுன்னு சொல்லுது. ஜனங்க நம்புறாங்க."

ஃபாதர் பொறுமையாகச் சொன்னார். ஆண்டவர் பாடுபட்டது யூதர்களின் பாஸ்காப் பண்டிகை சமயத்தில், பாஸ்கா பௌர்ணமியை ஒட்டி வருவது, அதனால்தான் ஈஸ்டரும் நிலாவோடு நகர்கிறது. ஆனால் திருச்சபை வானத்தைப் பார்த்து நாள் குறிப்பதில்லை. பல நூற்றாண்டுக்கு முன்னால் போட்டுவைத்த கணக்கு ஒன்று உண்டு. அந்தக் கணக்கு நிலா இந்த மாதம் இருபத்தொன்றுக்கு முந்தியே நிறைந்துவிட்டது. ஆகவே அடுத்த பௌர்ணமிக்குப் பிறகுதான் ஈஸ்டர்.

"அப்போ சித்திரா பௌர்ணமியா?" என்று கத்திவிட்டேன்.

"யாரும்மா அது? நல்லா கணக்குப் பண்றியே. மறைக்கல்விக்கு வந்து சேரு" என்று சொல்லி போனை வைத்துவிட்டார்.

எல்லாரும் லூர்துமேரி அம்மாவைப் பார்த்தார்கள். அடுத்த ஞாயிறு தூத்துக்குடி வருகிறது. அவர் என் ரோஸ் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முட்டைக் கூடையைப் பார்த்தார். அப்புறம் மகனைப் பார்த்தார்.

"நீ வாயத் தொறக்க ஒன்ற வருசம் எட்த்துக்கினே. இது வந்து ஒரே நிமிசத்துல சொல்ட்ச்சு. அதுவும் தப்ப இவ்ளோ தெகிரியமா சொல்ற பொண்ண நான் பாத்ததே இல்ல. என் கடைல குந்த வெச்சா நெத்திலிய வஞ்சிரம்னு வித்துடும்." அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "ஈஸ்டருக்கு வா. மெய்யான ஈஸ்டருக்கு. உங்க நைனாவையும் அய்ச்சிக்கினு வா. இப்ப எய்ந்து கஞ்சி குடி."

அந்தப் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து, கஞ்சியும் பருப்புத் துவையலும் சாப்பிட்டேன். வயிறும் மனசும் ஒன்றாக நிறைந்தது அன்றைக்குத்தான். பிரியாணியை அப்படியே ஆட்டோ ஸ்டாண்டுக்கு அனுப்பினார்கள். அது தெருமுனை தாண்டும் வரை இருபது பேரும் வாசலில் நின்று வழியனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "மாப்பிள்ளை வீட்டை வர வேண்டாம்னு சொல்லுங்க, ஈஸ்டர் தள்ளிப்போயிருச்சு" என்றேன்.

"ஈஸ்டர் தள்ளிப்போனா நமக்கென்னட்டி?" என்றார் அப்பா. அதற்கு நான் சொன்ன பதிலில் வீடு நான்கு நாள் சமைக்கவில்லை. ஆனாலும் ஏப்ரலில் அப்பா பட்டினப்பாக்கம் வந்தார். சம்பந்தியம்மாள் பரிமாறிய வஞ்சிர வறுவலைச் சாப்பிட்டுவிட்டு இரண்டாம் தடவை கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. மகளை ஞாயிறு மறைக்கல்விக்கு அனுப்புகிறோம். போன ஈஸ்டருக்கு அடுத்த வாரம் அவளைக் கூப்பிடப் போனேன். சிஸ்டர் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஆண்டவர் உயிர்த்த செய்தியை உலகத்துக்கு முதன்முதலில் சொன்னது யார் என்று வகுப்பில் கேட்டாராம். எல்லாப் பிள்ளைகளும் மகதலா மரியா என்றார்களாம்.

என் மகள் மட்டும் கையைத் தூக்கி, "இல்ல சிஸ்டர், எங்கம்மா. அவரு எழுந்திரிக்கறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே சொல்லிட்டாங்க. எங்க ஆயா பக்கத்துலயே இருந்தாங்களாம், வேணும்னா கேட்டுப் பாருங்க" என்றாளாம்.

சிஸ்டர் ஆயாவிடம் கேட்டிருக்கிறார். லூர்துமேரி அம்மா, "ஆமா, மெய்தான்" என்று சாட்சி சொல்லிவிட்டார்.